மேகத்துக்கு மேலே ஏறும் ரத்தம்

போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயிற்றுக்குள் ரத்தம் கசியும் நோயாளியை ஏர் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தால், மீனம்பாக்கத்தில் சக்கரம் தரையைத் தொடும்வரை அந்தக் கசிவு பொறுத்திருக்காது. வானத்திலேயே ரத்தம் ஏற்றியாக வேண்டும்.

சலைன் ஏற்றிச் சமாளித்தால் என்ன? பிரஷர் ஏறும், ஆனால் இருக்கிற ரத்தம் நீர்த்துப்போகும். ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுவும் சலைனில் இல்லை, ரத்தத்தை உறையவைக்கும் புரதமும் இல்லை. உயரம் வேறு தன் பங்குக்குப் படுத்தும். கேபினுக்குள் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி மலை உச்சியில் இருப்பதுபோல, தரையில் உள்ளதில் முக்கால் பங்காகக் குறையலாம். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். கோயம்பேட்டுக்கு வரும் லாரிகளில் பாதியை நிறுத்திவிட்டு, மீதி லாரிகளையும் முழுப் பாரம் ஏற்றாமல் அனுப்பினால் சந்தை என்ன ஆகும்? ரத்தம் இழந்தவரின் உடம்பு அந்த நிலையில்தான் இருக்கும். அதனால்தான் சில சமயம் விமானியிடம் தாழப் பறக்கச் சொல்வார்கள்.

சாலையோரத்திலிருந்து ஆளைத் தூக்கும் ஹெலிகாப்டர் என்றால், எவருக்கும் பொருந்துகிற ஓ நெகட்டிவ் வேண்டும். நம் நாட்டில் எல்லா நெகட்டிவ் குரூப்புகளும் (ஆர்ஹெச் நெகட்டிவ்) சேர்ந்தே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். ஆனால் இங்கே பெரும்பாலும் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குத்தான் பயணம். கிளம்புமுன்பே கிராஸ் மேட்சிங் செய்த, அதாவது நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்த பைகளைக் கையோடு எடுத்துவரலாம். 1952-இல் கண்டறியப்பட்ட பாம்பே குரூப் என்ற அரிய ரத்த வகை ஆட்களுக்கு அந்த ஓ நெகட்டிவும் ஒத்துக்கொள்ளாது என்பது தனிக் கதை.

உண்மையான வித்தை வெப்பநிலையில்தான் இருக்கிறது. சிவப்பணுப் பையை ரத்த வங்கியில் 2 முதல் 6 டிகிரியில் வைத்திருப்பார்கள். பயணத்தில் 10 டிகிரியைத் தாண்டக்கூடாது. கத்திரி வெயிலில் ஓடுதளத்துத் தார் கொதிக்கும்போது பைகள் இருக்கும் பெட்டியை ஐஸ் பேக்கோடு காப்பதே ஒரு வேலை. பை நேரடியாக ஐஸைத் தொட்டாலும் அணுக்கள் உறைந்து உடையும். அப்படிக் குளிரக் குளிரக் காத்ததை, ஏற்றும்போது வார்மர் வழியாக உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்தபடியே உள்ளே போனால் உடம்பு சில்லிட்டு, ரத்தம் உறைவது இன்னும் கெடும். பையில் ரத்தம் கட்டாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டோ உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பல பை ஏறினால் கால்சியம் ஊசியும் போடுவார்கள்.

வேகமாக ஏற்ற, பையைச் சுற்றிக் காற்றடைத்த உறை ஒன்றைக் கட்டுவார்கள். விமானம் ஏற ஏற அந்தக் காற்று விரியும், மீட்டர் முள் மேலே போகும். இறங்கும்போது காற்று சுருங்கி ரத்தம் சொட்டுவது மெதுவாகும். ஒருவர் கண் அந்த முள்ளிலேயே இருக்க வேண்டும்.

ஏற்றிய ரத்தத்தால் வரும் ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதும் சிரமம். நோயாளி மயக்கத்தில், வென்டிலேட்டரில் இருப்பார். உடம்பு நடுங்கினாலும் அது விமானத்தின் அதிர்வு என்றே தோன்றும். எனவே இன்ஜின் இரைவதற்கு முன்பே இரண்டு பேர் பை எண்ணையும் குரூப்பையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது நல்லது.

இதனால் உயிர் பிழைக்கிறார்களா? 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஹெலிகாப்டரில் பிளாஸ்மா (உறையவைக்கும் புரதங்கள் உள்ள, ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றியவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23 சதவீதம், ஏற்றாதவர்களில் 33 சதவீதம். 2022-இல் வந்த பிரிட்டன் ஆய்விலோ, சிவப்பணுவும் பிளாஸ்மாவும் கொடுத்தும் சலைனைவிடத் தெளிவான பலன் தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தரை இறங்கியதும் காலிப் பைகளும் நோயாளியோடு மருத்துவமனைக்குப் போகும். பின்னால் ஒவ்வாமை வந்தால் சோதிக்க அவை வேண்டும். ஏற்றாத பை மிஞ்சினால் பெட்டியின் தெர்மாமீட்டரைப் பார்ப்பார்கள். வழியில் 10 டிகிரியைத் தாண்டியிருந்தால், பிரிக்காத பையானாலும் ரத்த வங்கி திரும்ப வாங்காது.