வெள்ளம் வடிந்த மறுநாளே குலை வெட்டாதீர்கள்

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் வட்டாரம் 2006 டிசம்பரிலும், 2011 ஜனவரி இறுதியிலும், 2023 மார்ச்சிலும் பெருவெள்ளத்தில் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் சிறுதோட்டக்காரர்கள் செய்யும் முதல் தவறு, மறுநாளே செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்ட இறங்குவது. முறைப்படி வெட்டவேண்டிய சுற்று தப்பிவிட்டதே என்ற பதற்றம் புரிகிறது. ஆனால் மரத்தில் இருக்கும் குலை சில நாள் தாங்கும். வெட்டிய குலையோ 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். அடிபட்ட பழத்தில் லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைத்து, கொழுப்பு அமிலத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஆலையில் நீராவியில் வெந்தால்தான் அந்த நொதி அடங்கும். கச்சா எண்ணெயில் இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை குறையும்.

ஆகவே கணக்கை ஆலையிலிருந்து தொடங்குங்கள். முதல் போன் ஆலைக்கு: கொதிகலன் ஓடுகிறதா, வாசலில் எத்தனை லோரி நிற்கிறது, இன்று போனால் எப்போது இறக்கலாம்? அடுத்து லோரிக்காரர். வெட்டுகிறவரைக் கடைசியாகக் கூப்பிடுங்கள். வழக்கமான ஆலை மூடிக் கிடந்தால், வேறு வியாபாரியிடம் கொடுக்குமுன் அவருடைய எம்பிஓபி (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்துச் செம்மண் சடக்கு (சாலை) மேலே காய்ந்திருக்கும், நம்பாதீர்கள். குறுக்கே புதைத்த தண்ணீர்க் குழாயின் இரண்டு வாயையும் இறங்கிப் பாருங்கள். குழாயைச் சுற்றி மண் அரித்திருந்தால் மேலே வெடிப்புகூடத் தெரியாது. பாரம் ஏற்றிய லோரியின் பின்சக்கரம் ஏறும்போதுதான் பொத்தென்று உள்வாங்கும். ஒரு லோரி அங்கே புதைந்தால் அந்தச் சடக்கை நம்பியிருக்கும் எல்லார் குலையும் நின்றுபோகும். சந்தேகமிருந்தால் மினி டிராக்டரில் தார்ச் சடக்குவரை இழுத்து, அங்கே லோரியில் ஏற்றுங்கள். கூலி கூடும், பழமும் இன்னொரு முறை அடிபடும். அதனால் அன்றைக்கே போய்ச்சேரும் அளவு மட்டும் வெட்டுங்கள், மேட்டு நிரைகளை முதலில் முடியுங்கள்.

சுற்று தள்ளிப்போனதால் உதிரிப்பழம் குவிந்து கிடக்கும். வெட்ட ஆள் குறைந்தாலும் பொறுக்க ஆள் கூட்டுங்கள். வெள்ளத்தில் ஊறிய பழத்தைத் தனியே ஒதுக்குங்கள். சேறு படிந்த ஒரு சாக்கு கலந்தாலும் முழு லோரிக்கும் எடை பிடித்தம் விழலாம்.

பொறுக்குகிறவர்களுக்குப் பூட்ஸும் கையுறையும் கட்டாயம், எலிக் காய்ச்சல் சேற்றிலிருந்தும் தொற்றும். அறுந்து தொங்கும் மின்கம்பி இருக்கிற பக்கம் குலை வெட்டும் அலுமினியக் கம்போடு யாரையும் அனுப்பாதீர்கள்.