ஆர்வலரா, செயற்பாட்டாளரா?

நாகர்கோவில் வேப்பமூடு சந்திப்பில் போன வாரம் ஒரு சுவரொட்டியைப் பார்த்தேன். 'சிறையில் வாடும் மனித உரிமை ஆர்வலர்களை விடுதலை செய்!' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். கோரிக்கையில் எனக்கு முழு உடன்பாடு. 'ஆக்டிவிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நாம் போடும் அந்த 'ஆர்வலர்' என்ற சொல்லோடுதான் சண்டை. அது இன்று தொடங்கியதும் அல்ல.

2020 அக்டோபர் 8 அன்று ஸ்டேன் சுவாமி ராஞ்சியில் கைது செய்யப்பட்டார். திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி. அப்போது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். அவரை விடுவிக்கக் கோரி நாங்கள் சிலர் வடசேரிச் சந்தைப் பக்கம் நின்று கையெழுத்து வாங்கினோம். மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு வந்த ஓர் அம்மா எங்கள் முன் நின்று, "இவர் என்ன செய்தார் மக்களே?" என்று கேட்டார். எங்களோடு இருந்த இளைஞர் துண்டறிக்கையைப் பார்த்தபடி, "இவர் ஒரு மனித உரிமை ஆர்வலர் அம்மா" என்றார். "ஆர்வம் இருந்ததற்கா பிடித்துக்கொண்டு போனார்கள்?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார். அந்த இளைஞரிடம் பதில் இல்லை, ஏனென்றால் துண்டறிக்கையில் பதில் இல்லை. பழங்குடி மக்களின் நிலம் பறிபோகக் கூடாது என்று ஸ்டேன் சுவாமி எழுதியதையும், விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதையும் நான் சொன்னேன். "இதை முதலிலேயே சொல்லவேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டித் தம் பெயரை எழுதினார்.

அந்தத் துண்டறிக்கையை எழுதியவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை.

பொருளைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'ஆக்டிவிஸ்ட்' என்பது 'செய்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து கிளைத்தது. ஒரு மாற்றத்துக்காக இறங்கிச் செயல்படுகிறவர் என்பது பொருள். தமிழில் 'ஆர்வலர்' என்பது ஆர்வம் என்பதன் வழி வந்தது. அதற்கு அடி 'ஆர்' என்னும் வினை. நிறைதல், துய்த்தல் என்று அதற்குப் பொருள். மூலச் சொல்லில் செயல் இருக்கிறது. நாம் பெயர்த்த சொல்லில் மனநிலை மட்டுமே இருக்கிறது. இவ்வளவுதான் சொற்பிறப்பு.

இதைச் சொன்னவுடன் நண்பர்கள் திருக்குறளை எடுத்துக்கொண்டு வருவார்கள். கன்னியாகுமரிக் கடலில் 133 அடியில் வள்ளுவர் நிற்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு 'ஆர்வலர்' என்ற சொல்லைக் குறை சொல்லலாமா என்பார்கள். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்பது 71ஆம் குறள். சிறையில் அடைபட்டவரைப் பற்றிய பேச்சில் 'அடைக்குந்தாழ்' என்ற சொல்லே வந்து விழுவதால், இந்த வாதம் கேட்பவர் மனத்தை எளிதில் பிடித்துவிடுகிறது. எனக்கும் மிகப் பிடித்த குறள்தான். ஆனால் அங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். பரிமேலழகரும் அப்படித்தான் பொருள் கொள்கிறார். பிறர் துன்பத்தைக் கண்டு தாங்கமாட்டாமல், பூட்டி வைத்த அன்பு கண்ணீராகப் பொங்கி வெளிப்பட்டுவிடுகிற மனிதர். அந்தப் பொருளில் இன்று இந்தச் சொல்லை யார் பேசுகிறார்கள்? வள்ளுவர் ஆண்ட சொல் என்பதாலேயே அது வள்ளுவர் தந்த பொருளோடு நம் கைக்கு வந்து சேர்ந்துவிடாது. 'நாற்றம்' என்ற சொல்லுக்குப் பழம்பாடல்களில் நறுமணம் என்று பொருள். அதற்காக இன்று ஒரு மணப்பெண்ணிடம் அந்தச் சொல்லைச் சொல்ல முடியுமா?

இன்றைய பொருள் என்ன என்பதைத் தேரூர்க் குளக்கரையில் போய்ப் பார்க்கலாம். சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. விடியற்காலையில் தொலைநோக்கியும் குறிப்பேடுமாக அங்கே வந்து நிற்பவர்களைப் 'பறவை ஆர்வலர்' என்கிறோம். மிகப் பொருத்தமான சொல். பறவைகள் மேல் அவர்களுக்குப் பற்று இருக்கிறது, தேடிப் போகிறார்கள், கற்றுக்கொள்கிறார்கள். நாணய ஆர்வலர், நாடக ஆர்வலர் எல்லாம் இந்த வகைதான். சொந்த விருப்பத்தில் வருகிறவர்; நாளைக்கு வராமலும் இருக்கலாம். அதே பின்னொட்டை மனித உரிமையோடு ஒட்டினால், கேட்பவர் மனத்தில் அதே படம்தான் எழும். ஓய்வு நேரத்தில் மனித உரிமையில் நாட்டம் கொண்ட ஒருவர். சந்தையில் அந்த அம்மா கேட்ட கேள்வி இங்கிருந்துதான் வந்தது.

நாட்டம் இருந்ததற்காக எந்த அரசும் எவரையும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் உள்ளே வைப்பதில்லை. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'செயல்' இருக்கிறது. வழக்குப் போடுகிறவர்கள் செயலைப் பார்க்கிறார்கள். விடுதலை கேட்கிற நாம் செயலை மறைத்து ஆர்வத்தைச் சொல்கிறோம். அவர் செய்தது குற்றமன்று, உரிமை என்று வாதாட வேண்டிய இடத்தில், அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதுபோல ஒரு சொல்லைப் போடுகிறோம். பினாயக் சென் 2007 மே மாதம் சத்தீஸ்கரில் கைதானார். வேலூரில் மருத்துவம் படித்து, ஏழைத் தொழிலாளர்களுக்கும் பழங்குடியினருக்கும் வைத்தியம் பார்த்தவர். மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் பொறுப்பில் இருந்தவர். 22 நோபல் விருதாளர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். அவரையும் 'சமூக ஆர்வலர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், மருந்துப் பெட்டியோடு கிராமம் கிராமமாகப் போன உழைப்பு எங்கே போயிற்று?

சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது: செயற்பாட்டாளர். ஏற்பாடு செய்பவர் ஏற்பாட்டாளர் ஆவதுபோல, செயற்பாட்டை ஆள்பவர் செயற்பாட்டாளர். 'ஆளர்' என்ற ஈற்றில் உரிமையும் பொறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. ஈழத்துத் தமிழ் இதழ்கள் நெடுங்காலமாக இதைத்தான் எழுதுகின்றன. 'செயல்பாட்டாளர்' என்று எழுதுபவர்களோடு நான் மல்லுக்கு நிற்கமாட்டேன். சொல் + கள் சொற்கள் ஆவதுபோல லகரம் றகரமாவதே முறை என்று மட்டும் சொல்வேன்.

வேறு சொற்களையும் நிறுத்துப் பார்த்துவிட்டேன். 'போராளி' வீரமான சொல், ஆனால் ஈழப் போருக்குப் பிறகு அதில் துப்பாக்கியின் நிழல் விழுந்துவிட்டது. பயங்கரவாதக் குற்றச்சாட்டைச் சுமந்து நிற்பவருக்கு அதைச் சூட்டுவது அவருக்கே கேடு. 'களப்பணியாளர்' என்றால் கணக்கெடுப்புக்கு வருகிறவரும் களப்பணியாளர்தான். ஐ.நா. பொதுச்சபை 1998 டிசம்பர் 9 அன்று மனித உரிமைகளைக் காக்க முனைவோர் குறித்த பிரகடனத்தை ஏற்றது. அதையொட்டிச் சிலர் 'மனித உரிமைப் பாதுகாவலர்' என்கிறார்கள். எங்கள் கடற்கரையில் இது எடுபடாது. இங்கே ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் பாதுகாவலராக ஒரு புனிதர் உண்டு, கோட்டாற்றுக்குச் சவேரியார். 'பாதுகாவலர் திருவிழா' என்றால் கொடியேற்றமும் தேரும் நினைவுக்கு வரும். கையில் மனுவோடு நீதிமன்றப் படியேறுகிற மனிதர் வரமாட்டார். 'மனித உரிமைக் காப்பாளர்' பரவாயில்லை. அந்தப் பிரகடனத்தைப் பேசும்போது மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

'செயற்பாட்டாளர்' நீளம், தலைப்பில் அடங்காது என்று செய்தி எழுதும் நண்பர்கள் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். ஆர்வலர் ஐந்தெழுத்து, செயற்பாட்டாளர் எட்டெழுத்து. மூன்றெழுத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஒருவருடைய வாழ்நாள் வேலையை விருப்பமாகச் சுருக்குகிறோமா? அதே செய்தியில் 'அதிரடியாகக் கைது செய்யப்பட்டார்' என்று எழுத மட்டும் இடம் இருக்கிறது. விசாரணைக் காவலில் இருப்பவரை வெறுமனே 'கைதி' என்பதும் இந்த அவசரத்தின் பிள்ளைதான். 'விசாரணை' என்ற ஒரு சொல் முன்னே இருந்தால், தீர்ப்பு இன்னும் வரவில்லை என்பது படிப்பவருக்கு உறைக்கும். ஸ்டேன் சுவாமிக்குத் தீர்ப்பு வரவே இல்லை. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த குவளை கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார். பிணைக்காகக் காத்திருந்தபடியே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். மறுநாள் செய்திகளிலும் அவர் 'ஆர்வலர்'தான்.

வேப்பமூட்டுச் சுவரொட்டியை அச்சடித்த தோழர்களிடம் பேசினேன். அடுத்தது ஒரு பதாகை, மெய்ப்பை எனக்கு அனுப்பினார்கள். 'ஆர்வலர்களை' என்பதை அடித்துச் 'செயற்பாட்டாளர்களை' என்று திருத்திக் கொடுத்தேன். கணினியில் வரி உடைந்து, கடைசி இரண்டெழுத்து கீழே போய்விட்டது. எழுத்தளவைக் குறைக்கட்டுமா என்று அச்சகத்துப் பையன் கேட்டான். வேண்டாம், கீழே வரிசையாக இருக்கும் எங்கள் அமைப்புகளின் பெயர்களைச் சின்னதாக்கி, 'விடுதலை செய்' என்பதை இரண்டாம் வரிக்குக் கொண்டுபோ என்றேன்.