உப்புக்காற்று புல்லட்டை எங்கே கடிக்கிறது?

உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அப்பா காலத்து 350 புல்லட் சார். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு மதுரையில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கிட் மாட்டி, லேப்டாப் வைத்து டியூன் பண்ணி வாங்கினேன். அங்கே தங்கமாக ஓடியது. ஊருக்கு வந்த சில மாதங்களில் கரும்புகை, மைலேஜும் படுத்துவிட்டது. கடல் காத்துல ஈரம் ஜாஸ்தி, மேப்பை மாத்தணும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். சரிதானா?”

மெக்கானிக் சொல்வதில் கால்வாசி உண்மை. அந்தக் கால்வாசியை முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம்.

எஞ்சின் 346 சிசி. நம் பக்கத்து வெயிலில் ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.15 கிராம் எடை. சிலிண்டர் எண்பது சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால், ஒரு இழுப்புக்கு 0.32 கிராம் காற்று. கலப்பில்லாத பெட்ரோலில் ஒரு கிராம் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது; அதற்கு 13.5 கிராமே போதும். ஆக, ஒரு வெடிப்புக்குச் சுமார் 24 மில்லிகிராம் பெட்ரோல். கார்புரேட்டர் இதைப் பள்ளிக்கூடத்துப் பெர்னூலி விதியை வைத்து உறிஞ்சிக் கொடுத்தது. இன்ஜெக்டரோ 3 பார் அழுத்தத்தில் சில மில்லிசெகண்ட் திறந்து மூடுகிறது. எத்தனை மில்லிசெகண்ட் என்பதை ஆர்பிஎம், த்ராட்டில், காற்றின் அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைப் பார்த்து ஈசியூ என்ற குட்டிக் கணினி முடிவு செய்யும். அதற்கான அட்டவணைதான் மெக்கானிக் சொல்லும் மேப்; அதன் கட்டங்களை நிரப்புவதைத்தான் டியூனிங் என்கிறோம்.

காற்றின் ஈரத்தை அளக்க இந்தக் கிட்களில் சென்சார் கிடையாது. அதனால் மெக்கானிக்கின் சந்தேகம் நியாயமானதே. 32 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள பாம்பன் காற்றில் நீராவி மட்டும் 3.8 கிலோபாஸ்கல், மொத்த அழுத்தமோ 101. அதாவது உள்ளே போகும் காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு வெறும் ஆவி, எரிய உதவாது. ஆனால் 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதத்தில் மதுரையிலும் 2 பங்கு ஆவி இருக்கிறது. வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. இதற்கெல்லாம் கரும்புகை வராது. எஞ்சினின் வாய்வழியாகக் கடல்காற்று செய்யும் கெடுதல் அவ்வளவுதான்.

அப்படியானால் ஈசியூவிடம் பொய் சொல்வது யார்? எனக்கு இந்த எஞ்சினிலேயே மிகப் பிடித்த உறுப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்: எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பில் பிளக் மாதிரி திருகியிருக்கும் லாம்டா சென்சார்.

அதன் நுனியில் விரல்நுனி அளவுக்கு ஒரு பீங்கான் குப்பி. சிர்கோனியம் ஆக்சைடில் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்தது. சிர்கோனியம் அணுவுக்கு நான்கு மின்னேற்றம், இட்ரியத்துக்கு மூன்றுதான். கணக்கு நேராக வேண்டும் என்பதால், இரண்டு இட்ரியம் உட்கார்ந்தால் ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகிவிடும். நிரம்பி வழியும் ராமேஸ்வரம் பஸ்ஸில் யாரும் அசைய முடியாது. ஒரே ஒரு சீட் காலியானால் பின்னால் இருப்பவர் முன்னால் நகர்வார், அவர் இடத்துக்கு அடுத்தவர் வருவார். 300 டிகிரிக்கு மேல் சூடானால் இந்தப் பீங்கானுக்குள் ஆக்சிஜன் அயனிகள் அப்படித்தான் நகர்கின்றன. எலக்ட்ரான்களுக்கு மட்டும் அனுமதி இல்லை.

குப்பியின் வெளிப்பக்கம் புகை, உட்பக்கம் நாம் சுவாசிக்கும் காற்று, இரண்டு முகத்திலும் பிளாட்டினப் பூச்சு. ஆக்சிஜன் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயனிகள் தள்ளும் அந்த அழுத்தம்தான் வோல்டேஜாகத் தெரிகிறது. பெட்ரோல் குறைவாக இருந்தால், அதாவது லீனாக ஓடினால், புகையில் ஆக்சிஜன் இரண்டு சதவீதம் மிஞ்சும். உள்காற்றில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. வோல்டேஜ் 0.05 தான். கொஞ்சம் ரிச்சானால், அதாவது பெட்ரோல் கூடினால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் பிளாட்டினம் கார்பன் மோனாக்சைடோடு சேர்த்துத் தீர்த்துவிடும். அப்போது விகிதம் பத்து அல்ல, ஒன்றுக்குப் பின் 18 சுழியம்! வோல்டேஜ் 0.9-க்குத் தாவுகிறது. சரியான கலவையில் இந்தத் தாவல் 0.45-ஐக் கடக்கிறது. அந்த ஒரு தாவலைப் பிடித்துக்கொண்டுதான் ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

இதே சிர்கோனியா-இட்ரியா கலவையை 1890-களின் இறுதியில் ஜெர்மன் வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் விளக்கு எரிக்கப் பயன்படுத்தினார். டங்ஸ்டன் பல்பு வந்து அவர் விளக்கை அணைத்தது. அந்தப் பீங்கானும், இந்த வோல்டேஜைக் கணக்கிடும் அவருடைய சமன்பாடும் 1976-ல் வோல்வோ கார்களின் புகைக்குழாயில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தன.

இப்போது உச்சிப்புளிக்கு வருவோம். குப்பிக்குள் காற்று வேண்டும் என்றேனே, அது எப்படிப் போகிறது? இப்படித் தாவலை மட்டும் காட்டும் சாதாரண நேரோபேண்ட் சென்சார்கள் பலவற்றில் வயர் வழியாக! ரப்பர் உறைக்குள் இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் அதன் மூச்சுக்குழல். நம் கரையோர மெக்கானிக் அக்கறையானவர். உப்பு ஏறக்கூடாது என்று கனெக்டர் முழுக்க கிரீஸ் பூசுவார். இன்னும் நல்லவராக இருந்தால் வயரை வெட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்து டேப் சுற்றிவிடுவார். காற்று நின்றுபோகும். குப்பிக்குள் ஆக்சிஜன் குறையும், வோல்டேஜ் விழும், ஈசியூ “லீன்” என்று நம்பி பெட்ரோலைக் கூட்டும்.

இரண்டாவது பொய்யர் சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் வெப்ப சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும்: பரவலாகக் கிடைக்கும் வகை ஒன்றில் 20 டிகிரியில் 2500 ஓம், 60-ல் 600, 80-ல் 320, 100-ல் 190 அளவில். கனெக்டரின் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்து 270 ஓம் தடை சேர்ந்தால், 80 டிகிரி ஹெட் ஈசியூவுக்கு 60 டிகிரியாகத் தெரியும். “இன்னும் சூடேறவில்லை” என்று காலைநேர சோக்குப் போல பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். பல கிட்களில் எஞ்சின் சூடாகும்வரை லாம்டா சென்சாரின் பேச்சை ஈசியூ காதிலேயே போட்டுக்கொள்ளாது என்பதால் திருத்தவும் ஆளில்லை.

மூன்றாவது, பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடம். துருவால் அங்கே விரிசல் விழுந்தால், ஒற்றை சிலிண்டரின் துடிப்பில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் முகர்வது ஆக்சிஜனை மட்டுமே, பெட்ரோலை அல்ல; எனவே மறுபடி “லீன்” என்னும். கவனியுங்கள், மூன்று கோளாறும் எஞ்சினை ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன: கரும்புகைப் பக்கம். கிட் தானாகக் கற்கும் ரகம் என்றால் இந்தப் பொய்யையும் அட்டவணையில் எழுதி வைத்துக்கொள்ளும்.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் உலோக அரிப்பைச் சோதிக்கவே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. இந்தக் கடற்கரை இரும்பை எப்படித் தின்னும் என்று அவர்களுக்குத் தெரியும். ராக்கெட் பறந்தால் கைதட்டும் நாம், துருவைப் படிக்கக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறோம். படகு எஞ்சின் முதல் பாம்பன் பாலம் வரை தினமும் இழப்பது துருவுக்குத்தான். ஹேண்டில்பாரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக் கனெக்டரில் காட்டலாம். எலுமிச்சைச் சாறு வயரில் சொட்டினால் களிம்புக்கு உரம் வேறு.

வாசகர் மேப்பைத் தொட வேண்டாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது சாவியை அணைத்து, வெப்ப சென்சாரின் மின்தடையை அதன் உலோகப் பின்களிலேயே ஒருமுறையும், ஈசியூ பக்கத்து பிளக்கில் ஒருமுறையும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். சில ஓம்களுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். அந்தக் கனெக்டரைச் சுத்தம் செய்து கிரீஸ் பூசலாம், தப்பில்லை. லாம்டா சென்சார் கனெக்டரில் மட்டும் கூடாது. பெண்ட் பைப் மூட்டில் கரிக்கோடு தெரிகிறதா பாருங்கள். அடைக்க சிலிக்கோன் பசை பூசாதீர்கள், அதன் ஆவி பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும். தனுஷ்கோடி போய்வந்தால் வாட்டர் சர்வீஸில் பிரஷர் துப்பாக்கியைக் கனெக்டர்கள் மேல் நீட்டவிடாதீர்கள்.

எல்லாம் சரியான பிறகு, கற்றுவைத்த திருத்தங்களை அழித்துவிட்டு மறுபடி டியூன் பண்ணச் சொல்லுங்கள். சென்சார் மாற்றுவதென்றால் தாவலை மட்டுமல்ல, கலவையின் அளவையே சொல்லும் எல்எஸ்யு 4.9 ரக வைட்பேண்ட் நல்லது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே புகையிலிருந்து பம்ப் செய்துகொள்ளும், வயர் வழி மூச்சு தேவையில்லை. மீட்டரில் 14.7 என்று துரத்தாமல் லாம்டாவாகவே படிக்கச் சொல்லுங்கள். இருக்கும் காற்றைத் தேவையான காற்றால் வகுத்தால் வருவது லாம்டா; 1-க்குக் கீழே போனால் ரிச். எத்தனால் எவ்வளவு கலந்திருந்தாலும் லாம்டா 1 என்றால் 1 தான். வார்ப்பிரும்பு எஞ்சின் காற்றில்தான் ஆற வேண்டும்; சற்று ரிச்சான கலவை சூட்டைக் குறைக்கும் என்பதால், சாதாரண ஓட்டத்தில் 0.95, முழு த்ராட்டிலில் 0.87 பக்கம் வைத்தால் போதும்.