சிறு தொழிலுக்கு லீன் ஸ்டார்ட்அப் பயிற்சி: வாரம் ஒரு சோதனை, முன்கூட்டியே ஓர் எண்

லீன் ஸ்டார்ட்அப் என்பது புதிய யோசனையில் பெரிதாகப் பணம் போடுவதற்கு முன் அதைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கும் முறை. சிறு வியாபாரிகளுக்கு நடக்கும் இந்தப் பயிற்சிகளில் முதல் நாள் பெரும்பாலும் ‘கான்வாஸ்’ எனப்படும், ஒன்பது கட்டம் போட்ட ஒரு தாளிலேயே போய்விடுகிறது. வாடிக்கையாளர் யார், வருமானம் எங்கிருந்து, செலவு எங்கே என்று ஆளுக்கொரு வண்ணத்தில் சீட்டு எழுதி ஒட்டுவார்கள். குழுப்படம் எடுப்பார்கள், சான்றிதழ் வாங்குவார்கள். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் நேற்று செய்ததையே செய்வார்கள். இதற்கு வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையை அவருக்கு மாட்டிவிட்டிருக்கிறோம்.

இந்த முறை யாருக்காகப் பிறந்தது என்று பாருங்கள். கட்டடத்தை விட்டு வெளியே போய் வாடிக்கையாளரிடம் பேசுங்கள் என்றார் அமெரிக்கத் தொழில்முனைவோர் ஸ்டீவ் பிளாங்க். டொயோட்டா தொழிற்சாலைகளின் வீண்செலவு ஒழிக்கும் சிந்தனையையும் அதோடு சேர்த்து, செய்–அள–கற்றுக்கொள் என்ற சுழற்சியாக 2011ல் புத்தகமாக்கினார் அவருடைய மாணவர் எரிக் ரைஸ். அதே ஆண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தொடங்கிய ஐ-கார்ப்ஸ் பயிற்சியில், ஒவ்வொரு குழுவும் ஏழு வாரங்களுக்குள் சுமார் 100 பேரைச் சந்திக்க வேண்டும். அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் ஆய்வகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இன்னும் வாடிக்கையாளர் இல்லை, பொருளும் இல்லை, நேரம் இருந்தது.

கடை நடத்துபவர் நிலைமை இதற்கு நேர்மாறு. வாடிக்கையாளர் ஏற்கெனவே இருக்கிறார், வாடகையும் சம்பளமும் இருக்கின்றன. வீட்டுச் செலவும் அதே கல்லாவிலிருந்துதான் போகிறது. இரண்டு மணி நேரம் கடையை விட்டு நகர்ந்தால் அன்றைய வியாபாரமே அடிபடும். “சீக்கிரம் தோற்றுப் பாருங்கள்” என்ற இந்த முறையின் அறிவுரையை அவரிடம் சொன்னால் காதில் விழுவது தோல்வி என்ற சொல் மட்டும்தான். அந்தச் சொல்லை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

அப்படியானால் இந்த முறையில் அவர் கடைக்குள் கொண்டுபோகத்தக்கது எது? நமது பார்வையில் ஒன்றே ஒன்று. செலவு செய்வதற்கு முன், தன் நம்பிக்கையை நம்பிக்கை என்று எழுதி, எந்த எண் வந்தால் தொடர்வேன், எந்த எண் வந்தால் விடுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் பழக்கம். கான்வாஸ், நேர்காணல், மாதிரிப் பொருள் எல்லாம் அதற்கு உதவும் கருவிகள். இத்தாலியில் 116 புதிய நிறுவனங்களை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு ஒன்று 2020ல் வெளியானது. இரு பிரிவுக்கும் ஒரே கருவிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும், ஊகத்தைத் தெளிவாக எழுதுவதையும் அதை ஒழுங்காகச் சோதிப்பதையும் சேர்த்துப் பழக்கினார்கள். அந்தப் பிரிவுதான் வருமானத்தில் முந்தியது, வேலைக்கு ஆகாத யோசனையிலிருந்து தடம் மாறியதும் அதிகம். கருவியை மட்டும் கொடுத்துவிட்டு வரும் பயிற்சி எங்கே குறைபடுகிறது என்பதை இது காட்டுகிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடை. வீட்டுக்கே போய் வண்டியை எடுத்துவந்து, சர்வீஸ் முடித்துத் திருப்பிக் கொண்டுபோய் விடலாம் என்று உரிமையாளர் நினைக்கிறார். அவர் மனதில் ஓடும் வரிசை இதுதான்: சரக்கு ஆட்டோ ஒன்று கடனில், ஓர் ஆள் கூடுதலாக, பெயர்ப்பலகை, நோட்டீஸ். இந்த வரிசையின் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அது பொய்த்தால் மற்ற எல்லாமே வீண். கூடுதல் பணம் கொடுத்து இந்த வசதியை வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பதே அது. அதை மட்டும் அரைத்தாள் அட்டையில் எழுத வைக்க வேண்டும்:

நான் நம்புவது: சர்வீஸுக்கு நாள் நெருங்கியவர்களில் நான்கில் ஒருவராவது கூடுதல் கட்டணம் கொடுத்து இந்த வசதியை எடுப்பார்.
யாரிடம்: பில் புத்தகத்தில் வரிசையாக வரும் 30 பேர். தெரிந்தவர், சிரித்துப் பேசுபவர் என்று பொறுக்கக் கூடாது.
எப்படி: போன் செய்து, தேதியும் நேரமும் குறித்து, கூடுதல் கட்டணத்தை முன்பணமாக வாங்குவது. வண்டியை எடுத்துவர இப்போதுள்ள உதவியாளரே போவார்.
எண்: 8 பேரோ அதற்கு மேலோ பணம் கட்டினால் அடுத்த படி. 3 பேரோ அதற்குக் கீழோ என்றால் இந்த யோசனையை விடுவது. 4 முதல் 7 வரை என்றால் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, இன்னொரு 30 பேர்.
இழப்பு எல்லை: ஒரு நாள் லாபம். முடிவு நாள்: 7ஆம் நாள் மாலை.

அந்த 8 எங்கிருந்து வந்தது? பயிற்சியின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஆட்டோவின் மாதத் தவணை, எரிபொருள், ஆள் சம்பளம் மூன்றையும் கூட்டி, ஒரு வண்டிக்குக் கிடைக்கும் கூடுதல் கட்டணத்தால் வகுத்தால் கையைக் கடிக்காமலிருக்க மாதத்துக்கு எத்தனை வண்டி வேண்டும் என்பது தெரியும். 32 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கடைக்கு மாதம் 120 பேர் சர்வீஸுக்கு வருகிறார்கள் என்றால், 120ல் 32, அதாவது 30ல் 8. இந்த வகுத்தலை வியாபாரியே தன் கையால் போட வேண்டும். பயிற்றுநர் போட்டுக்கொடுத்த எண்ணை யாரும் மதிப்பதில்லை. முடிவு பிடிக்காமல் போனால் முதலில் அந்த எண்ணின் மேல்தான் பழி விழும்.

ஏன் 30 பேர், 10 போதாதா என்று கட்டாயம் கேட்பார்கள். 10 பேரிடம் கேட்டு ஒருவரும் வாங்காவிட்டாலும், உண்மையில் நான்கில் ஒருவர் வாங்கக்கூடிய பொருளாகவே அது இருக்கலாம். அந்தப் பத்துப் பேர் தற்செயலாக அமைந்தவர்கள். 30 பேரிடம் கேட்டு ஒருவரும் வாங்கவில்லை என்றால், வாங்குபவர் பத்தில் ஒருவருக்கு மேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒருவரும் வாங்காதபோது, மூன்றை, கேட்ட ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது தோராயமான மேல் எல்லை. புள்ளியியலில் இந்த அளவு போதும், இதற்கு மேல் வகுப்பில் இழுக்க வேண்டாம்.

அடுத்து, கேள்வி கேட்கும் விதம். வியாபாரிகள் பேச்சில் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் பழகியது விற்கும் பேச்சு. “அண்ணே, வீட்டுக்கே வந்து வண்டிய எடுத்துட்டுப் போனா உங்களுக்கு வசதியா இருக்கும்ல?” என்று கேட்டால், “ஆமா தம்பி, ரொம்ப நல்லது, செய்யுங்க” என்று எந்த அண்ணனும் சொல்லத்தான் செய்வார். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதே ஆளிடம், “போன தடவை சர்வீஸுக்கு எப்ப விட்டீங்கண்ணே? அன்னைக்கு வேலைக்கு எப்படிப் போனீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “மச்சான் வண்டிய வாங்கிட்டுப் போனேன், ஒண்ணும் கஷ்டமில்ல” என்றால் அவருக்கு இது பிரச்சினையே இல்லை. “லீவு போட்டேன், ஒரு நாள் சம்பளம் போச்சு” என்றால் அங்கே காசு இருக்கிறது. நடந்ததைக் கேளுங்கள், நடக்கப்போவதைக் கேட்காதீர்கள் என்று ஒரே வரியில் சொல்லி, இருவர் இருவராக உட்காரவைத்து இருபது நிமிடம் பழக்கினால் பிடித்துக்கொள்வார்கள். பத்துப் பேச்சு முடிந்தபின் அட்டையைத் திருத்தச் சொல்லுங்கள். நம்பிக்கை வரி பெரும்பாலும் அங்கேயே மாறிவிடும்.

சோதனையில் எதையும் இலவசமாகக் கொடுக்கக் கூடாது. இலவசத்துக்கு வரும் கூட்டம், விலைக்கு வாங்குபவர் யார் என்பதைச் சொல்லாது. அறிமுகத் தள்ளுபடியும் அப்படித்தான். பின்னால் என்ன விலைக்கு விற்கப்போகிறீர்களோ அதே விலையில் கேளுங்கள். அளவைச் சுருக்கலாம், பகுதியைச் சுருக்கலாம், கிழமையைச் சுருக்கலாம். விலையைச் சுருக்கினால் நீங்கள் சோதித்தது வேறொரு வியாபாரம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாத பொருளுக்கு விளம்பரம் கொடுத்து எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று எண்ணும் உத்தி, முகம் தெரியாத இணையத்தில் செல்லலாம். ஒரே தெருவில் பத்து வருடம் கடை நடத்துபவருக்கு அவர் பெயர்தான் முதல். 1999ல் ஸாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடையைத் தொடங்கியபோது, அதன் நிறுவனர் நிக் ஸ்வின்மர்ன் காலணிக் கடைகளில் படமெடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் அதே கடையில் வாங்கி அனுப்பினார். கையிருப்பே இல்லாமல் தொடங்கினாலும், பணம் கொடுத்தவருக்குக் காலணி போய்ச் சேர்ந்தது. சிறு தொழிலுக்கு ஏற்ற வழி இது: பின்னணியில் எல்லாம் கைவேலையாக இருக்கட்டும், வாக்குக் கொடுத்தது நடக்கட்டும். தொடர முடியாது என்று முடிவானால் முன்பணம் அன்றே திரும்ப வேண்டும். பிரேக், மின்சாரம், உணவு, மருந்து சம்பந்தப்பட்ட எதிலும் பாதுகாப்பைக் குறைத்து “எளிய மாதிரி” செய்யவே கூடாது. உரிமம் வேண்டிய வேலைக்கு, சோதனை என்றாலும் உரிமம் வேண்டும்.

கணக்குக்கு வருவோம். மொபைலில் ஸ்டேட்டஸ் பார்த்தவர் எண்ணிக்கை, லைக், கடைக்கு வந்து விலை கேட்டவர்கள் எல்லாம் மனதுக்கு இதம். ஆனால் நாளைக்கு என்ன செய்வது என்று அவை சொல்லாது. ஒரு நோட்டில் நான்கு பத்தி போதும்: தேதி, போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வாங்கியது, முதல் தடவையா மறுதடவையா. மாதக் கடைசியில், போன மாதம் முதல் தடவை வந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று எண்ணினால், மொத்த விற்பனை சொல்லாத செய்தி வெளியே வரும். மொத்தம் ஏறிக்கொண்டே இருக்கும், திரும்ப வருபவர்கள் குறைந்துகொண்டே இருப்பார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதைதான். வாரங்களை ஒப்பிடும்போது சனிக்கிழமையைச் சனிக்கிழமையோடு, மாதத்தின் முதல் வாரத்தை முதல் வாரத்தோடு ஒப்பிட வேண்டும். சம்பள வாரத்தில் செய்த சோதனையை மாதக்கடைசி வாரத்தோடு ஒப்பிட்டு “ஜெயித்துவிட்டோம்” என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

முழுக் கணக்கியல் வகுப்பு எடுக்கும் ஆசையைப் பயிற்றுநர் அடக்கிக்கொள்ள வேண்டும். டொமினிக்கன் குடியரசில் சிறுகடன் வாங்கிய தொழில்முனைவோரிடம் நடத்தி 2014ல் வெளியான ஆய்வில், முறையான கணக்கியல் பாடம் பெரிய மாற்றம் எதையும் தரவில்லை. வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் தனித்தனியே வை என்பது போன்ற எளிய கைவிதிகள் கற்றவர்கள் கணக்கு வைப்பதில் முன்னேறினார்கள். சோதனைப் பணத்துக்கும் அதே விதிதான். அதற்கென்று ஓர் உறை, அது காலியானால் சோதனை முடிந்தது. கடன் வாங்கிச் சோதனை செய்வதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள்.

வகுப்பின் வடிவம் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவின் லோமே நகரில் 1,500 சிறு தொழில் உரிமையாளர்களிடம் நடந்து 2017ல் வெளியான ஆய்வு லீன் பயிற்சி பற்றியது அல்ல. தானே முன்முயற்சி எடுக்கும் மனப்பாங்கைப் பழக்கிய பயிற்சியை, வழக்கமான வணிகப் பயிற்சியோடு ஒப்பிட்டது. முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களின் லாபம், எந்தப் பயிற்சியும் பெறாதவர்களைவிட 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சியில் உறுதியாகச் சொல்லத்தக்க உயர்வு இல்லை. அதன் அமைப்பைக் கவனியுங்கள்: மூன்று மணி நேர வகுப்பு 12, நான்கு வாரத்தில். அதன்பின் நான்கு மாதம், மாதம் ஒருமுறை பயிற்றுநர் தொழிலிடத்துக்கே போனார். இரண்டு நாள் பட்டறையில் இது நடக்காது.

ஆறு வாரம், வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், 8 முதல் 10 பேர் என்பது தாங்கக்கூடிய அளவு. கடை மந்தமாக இருக்கும் நேரத்தைக் கேட்டு அதில் வையுங்கள். ஒரே தெருவில் ஒரே தொழில் செய்யும் இருவரை ஒரே குழுவில் போட்டால் ஒருவரும் உண்மையான எண்ணைச் சொல்ல மாட்டார். உரிமையாளர் வகுப்புக்கு வந்து, கல்லாவில் உட்காருவது மனைவியோ மகனோ என்றால் அவர்களும் வர வேண்டும். நோட்டு எழுதப்போவது அவர்கள். முதல் வாரத்திலேயே அட்டை எழுதிவிட வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் முதல் ஒரு மணி நேரம் மூன்று கேள்விகளுக்கு மட்டும்: என்ன எண் எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, அதனால் என்ன முடிவு? வார நடுவில் பத்து நிமிட போன் ஒன்று. அதைத் தவறவிட்ட வாரங்களில் சோதனைகள் பாதியில் நிற்கும்.

எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவும் கூடாது. அடுத்த மாத வாடகைக்கே வழியில்லாமல் திணறும் கடைக்கு முதலில் தேவை, வெளியே நிற்கும் பாக்கியை வசூலிப்பதும் தேங்கிய சரக்கைத் தள்ளுவதும். அவரைச் சோதனை செய்யச் சொல்வது பசித்தவனுக்குப் பாடம் எடுப்பது.

பயிற்சி நடத்தும் அமைப்புகள் வருகைப் பதிவையும் சான்றிதழ் எண்ணிக்கையையும் வைத்துத்தான் பயிற்றுநரை மதிப்பிடுகின்றன. அவையும் ஸ்டேட்டஸ் பார்த்தவர் கணக்கு போன்றவைதான். மூன்று மாதம் கழித்துக் கடைக்குப் போய் அட்டைகளைக் கேளுங்கள். வகுப்புக்காக எழுதிய முதல் ஐந்தை எண்ண வேண்டாம். யாரும் சொல்லாமல் அவராக எழுதிய ஆறாவது அட்டை இருக்கிறதா, அதில் எண் வரி நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.