வலிக்காத கட்டியும் ஊசி மீதான அச்சமும்

மார்பகப் புற்றுநோய் சிகிச்சையையும் அந்நோய் குறித்த ஆய்வையும் தொழிலாகக் கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பெண்களைப் பார்த்துவரும் எனக்கு மாறாத வருத்தம் ஒன்று உண்டு. பல பத்தாண்டு ஆய்வுகளின் பலன், கட்டி சிறிதாக இருக்கும்போதே வருகிற பெண்ணுக்குத்தான் முழுமையாகக் கிடைக்கிறது. எங்கள் பகுதியில் பலர் அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகே வருகிறார்கள்.

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பெண், குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி, "வலியே இல்லைங்க டாக்டரம்மா, அதனால விட்டுட்டேன்" என்றார். முதலில் புளியங்கொட்டை அளவே இருந்ததாம். நான் பரிசோதித்தபோது அதன் மேல்தோல் உள்ளிழுத்திருந்தது. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மையே. ஆனால் எது எது என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பரிசோதனைக்கே பலர் அஞ்சுகிறார்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பேச்சு பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும் ஒன்றுபோல் இருக்கிறது. ஊசி வழியாகச் சிறிதளவு சதை எடுத்துப் பார்ப்பது பாதுகாப்பானது என்பதோடு, அந்தச் சதைத்துணுக்கில்தான் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உள்ளதா, கட்டியை வேகமாக வளரவைக்கும் ஹெர்-2 புரதம் மிகுந்துள்ளதா என்று பார்த்து, மாத்திரையா, கீமோதெரபியா, குறிவைத்துத் தாக்கும் மருந்தா என்பதை முடிவு செய்கிறோம்.

மார்பையே எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் இன்னும் ஆழமானது, அதற்குக் காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குள் நெறிகள் எல்லாமே அகற்றப்பட்டன. பெண்கள் கை வீக்கத்தோடு வாழ்ந்தார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர், 1976இல் தொடங்கிய ஆய்வில், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தவர்களையும் மார்பு முழுவதும் அகற்றப்பட்டவர்களையும் ஒப்பிட்டார். அவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் வெளியிட்ட முடிவில், உயிர் பிழைத்திருப்பதில் வேறுபாடு இல்லை. என் துறையில் என்னை மிகவும் நெகிழவைத்த ஆய்வு இதுவே. இன்று, கட்டி சிறிதாக இருக்கும் பெரும்பாலானோருக்கு மார்பைக் காக்க முடியும்.

கட்டியை முன்கூட்டியே கண்டறிய எங்கும் மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே இயந்திரம் வேண்டும் என்பதில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். நோய் முந்தைய கட்டத்திலேயே தெரிந்தது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களில் அப்படிக் குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது; வீடு தேடி வரும் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கட்டியைப் பற்றித் தயங்காமல் சொல்லுங்கள். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை உண்டு.

சிகிச்சை முடிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள நோய்க்கு ஐந்தாண்டு தமோக்சிஃபென் மாத்திரை எடுத்தால் அந்நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலை குறைந்த இந்த மாத்திரையை, உடம்பு தேறிவிட்டதென்று பாதியில் நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரையால் உடல் சூடேறி வியர்த்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதைக் குறைக்க வழி உண்டு. இதை எடுக்கும் காலத்தில், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு தென்பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அடுத்த தேதி வரை காத்திராமல் உடனே வந்துவிடுங்கள்.