அந்தச் சிரிப்புப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள்

"படம் போட்ட கதைப் புத்தகம் தர வேண்டாம். பொது அறிவு, விஞ்ஞானம், தலைவர்கள் வரலாறு மட்டும் கொடுக்கவும்."

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் டைரியில் அவனுடைய அப்பா எழுதி அனுப்பிய குறிப்பு. கையெழுத்துக்குக் கீழே இரட்டைக் கோடு வேறு. கூடவே புத்தகமும் திரும்பி வந்துவிட்டது. பாதிப் புத்தகத்தில், அவன் நிறுத்திய பக்கத்தில், டவுன் பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது. பள்ளி நூலகர் வேலையில் இப்படிப்பட்ட குறிப்புகள் வருடம் தவறாமல் வரும். பெற்றோர் கூட்டத்தன்று நேரிலேயே வந்து சொல்பவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. இந்த முறை எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எந்தப் புத்தகங்களைச் சொல்கிறேன் என்பது வீட்டில் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பையனோ பெண்ணோ தன் வீட்டையும் பள்ளியையும் பற்றித் தானே எழுதும் கதை. தொல்லை கொடுக்கும் அண்ணன், செல்லம் கொஞ்சப்படும் தம்பி, வீட்டுப்பாடம், சாப்பாட்டு நேரச் சண்டை. கையெழுத்து மாதிரி அச்சு, பக்கத்துக்குப் பக்கம் கோட்டோவியம். என் அலமாரியில் அதிகம் கிழிவது 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' வரிசைதான். ஜெஃப் கின்னி என்ற அமெரிக்கருக்குப் பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட் ஆக ஆசை. அது நடக்கவில்லை. அந்தக் கோட்டோவியங்களை வைத்து அவர் உருவாக்கிய இந்தக் கதை 2004-இல் இணையத்தில் வந்து, 2007-இல் புத்தகமானது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மனதில் வைத்திருந்தது பெரியவர்களைத்தான். இது பிள்ளைகளுக்கான புத்தகம் என்று சொன்னது பதிப்பகம்.

"உள்ளே எழுத்தே இல்லையே மேடம்" என்பார்கள். இருக்கிறது. அந்த முதல் புத்தகத்தில் மட்டும் கிட்டத்தட்ட 20,000 சொற்கள். ஆங்கில வாசிப்புக்கு 'லெக்ஸைல்' என்று ஓர் அளவுகோல் உண்டு. அதில் இந்தப் புத்தகத்துக்கு 950, ஹாரி பாட்டர் முதல் பாகத்துக்கு 880. அதனால் இது ஹாரி பாட்டரை விடக் கடினம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வாக்கியம் எவ்வளவு நீளம், சொல் எவ்வளவு அரிது என்பதைத்தான் அந்த அளவுகோல் பார்க்கும். கதையின் ஆழம் அதற்குத் தெரியாது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு லெவல் லெவல் என்று அலைகிறவர்களைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஆனால் எண்ணைத்தான் நம்புவேன் என்பவர்களுக்கு எண்ணையே காட்ட வேண்டியிருக்கிறது.

சரி, இப்போது என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் வாதத்துக்கு வருகிறேன். "படமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, பிள்ளையின் மூளைக்கு வேலை இல்லை."

இந்த வகைப் புத்தகத்தில் படம் எழுத்தைத் திருப்பிச் சொல்வதில்லை. எழுத்து ஒன்று சொல்லும், படம் அதைப் பொய்யாக்கும். ஓர் உதாரணம் நானே சொல்கிறேன். "இன்று வீட்டை ஒதுங்க வைக்க அப்பாவுக்கு ரொம்ப உதவி செய்தேன்" என்று பையன் எழுதுகிறான். கீழே படத்தில் அப்பா சோபாவைத் தள்ளுகிறார், முகத்தில் வியர்வைத் துளிகள். சோபாவின் மேல் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு சிப்ஸ் தின்கிறான் பையன். எழுத்தை மட்டும் படித்தால் சிரிப்பு வராது. படத்தை மட்டும் பார்த்தாலும் பாதிதான் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, "ஓ, இவன் நம்மிடம் கதை விடுகிறான்" என்று பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்போதுதான் சிரிப்பு வெடிக்கும். வடிவேலு வீராப்பாகப் பேசும்போது கீழே கால் நடுங்குவதைப் பார்த்து நாம் சிரிப்பதில்லையா? அதே கணக்குதான். அவர் பேச்சை மட்டும் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

கதை சொல்பவன் சொல்வதையெல்லாம் நம்பக்கூடாது என்று பத்து வயதில் ஒரு பிள்ளை கண்டுபிடிப்பது பெரிய விஷயம். ஆங்கிலப் பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து, "இதிலிருந்து இவரைப் பற்றி என்ன ஊகிக்கிறாய்?" என்று ஒரு கேள்வி வரும். அதில் மதிப்பெண் போகிறது என்று டியூஷன் வைக்கிறீர்கள். வீட்டில் அதே வேலையை அவன் பக்கத்துக்குப் பக்கம் இலவசமாகச் செய்துகொண்டிருக்கும்போது புத்தகத்தைப் பிடுங்குகிறீர்கள்!

"அந்தப் பையன் சோம்பேறி, சுயநலக்காரன், இவனும் அப்படி ஆகிவிடுவான்" என்ற பயம் அடுத்தது. அமெரிக்காவிலும் இந்தப் பயம் உண்டு. டேவ் பில்கியின் 'கேப்டன் அண்டர்பேன்ட்ஸ்' என்ற சிறுவர் சிரிப்புக் கதை வரிசை 2012, 2013 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில், அதிக எதிர்ப்பு வந்த புத்தகங்களில் முதலிடம் பிடித்தது. பில்கிக்குச் சிறு வயதில் டிஸ்லெக்ஸியாவும் (எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம்) கவனக்குறைபாடும் இருந்தன. வகுப்பில் அடங்கவில்லை என்று வராந்தாவில் உட்கார வைப்பார்கள். அங்கே உட்கார்ந்து வரைந்ததில் பிறந்தவர்தான் அந்த ஜட்டி போட்ட கேப்டன்.

நான் பார்த்தவரை, பத்து வயதுப் பிள்ளைகள் அந்தச் சோம்பேறிப் பையனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், அவனாக ஆசைப்படுவதில்லை. ஆனால் ஆறு, ஏழு வயதில் கொடுத்தால் அந்தக் கிண்டல் பிடிபடாது. அவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் படிக்கிறான் என்று தங்கையும் கேட்டால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வகையில் வரும் எல்லாமே நல்ல சரக்கு இல்லை. குண்டுப் பையனையும் மெதுவாகப் படிக்கும் பெண்ணையும் கேலி செய்தே பக்கத்தை நிரப்பும் மட்டமான நகல்களும் வருகின்றன. அவற்றை நான் வாங்குவதில்லை. நீங்களும் வாங்குமுன் பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள்.

எங்கள் தொழிலின் பெருமையை ஓரிடத்திலாவது சொல்லிக்கொள்கிறேன். பெவர்லி கிளியரி அமெரிக்காவில் யாக்கிமா என்ற ஊரில் குழந்தைகள் நூலகராக இருந்தவர். "எங்களை மாதிரிப் பசங்களைப் பற்றிய புத்தகம் எங்கே?" என்று சிறுவர்கள் அவரைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுக்க அலமாரியில் ஒன்றும் இல்லை. பிறகு அவரே எழுதினார். முதல் புத்தகம் 1950-இல் வந்தது. சாதாரணத் தெரு, சாதாரண வீடு, படங்களோடு சிரிப்பு. அந்தச் சிறுவர்களின் கேள்வியைத் தமிழில் கேட்டால் என்னிடமும் பதில் குறைவுதான். தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் வரும் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைப் புத்தகங்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள். ஆனால் அவை சின்னஞ்சிறு புத்தகங்கள். அதற்கு அடுத்து, இருநூறு பக்கத்துக்கு வீட்டையும் பள்ளியையும் வைத்துச் சிரிக்க வைக்கும் படக்கதை கேட்டால் தேட வேண்டியிருக்கிறது. எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். வாங்க நான் இருக்கிறேன்.

அப்பா அம்மாக்களுக்குச் சில வார்த்தைகள். படித்து முடித்தவனை நிற்க வைத்து "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். நீதி கிடையாது. "எங்கே ரொம்பச் சிரித்தாய்?" என்று கேளுங்கள், அவன் பக்கத்தைத் திறந்து காட்டுவான். ஒரே புத்தகத்தை நாலாவது முறை எடுத்தால் எடுக்கட்டும். நீங்கள் பார்த்த படத்தையே டிவியில் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்லையா? "கணக்கு முடித்தால்தான் கதைப் புத்தகம்" என்று பேரம் பேச வேண்டாம். பிளாட்பாரத்தில் மலிவாகக் கிடைக்கும் திருட்டு அச்சை வாங்காதீர்கள். படம் கறுப்பாக அப்பியிருக்கும், நடுவில் பக்கம் காணாமல் போயிருக்கும், ஜோக் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். முடிந்தால் கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். இந்தப் படங்கள் குச்சி மாதிரி எளிமையாக இருப்பதால் பிள்ளைகள் தாங்களும் வரையத் தொடங்குவார்கள். அதில் நீங்களும் வருவீர்கள், தொப்பையோடு. கோபப்படக் கூடாது.

பொது அறிவுப் புத்தகத்துக்கு நான் எதிரி இல்லை. அதையும் தருகிறேன், கூடவே இதையும் தருகிறேன். மாதக்கணக்கில் புத்தகத்தைத் தொடாமல் இருந்த ஒரு பெண் விம்பி கிட் வரிசையின் முதல் புத்தகத்தை வெள்ளிக்கிழமை வாங்கிப்போய், திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னாலேயே என் மேஜை முன் வந்து நின்றாள். "மிஸ், அடுத்த பார்ட் இருக்குங்களா?" தலைவர்கள் வரலாற்றுக்கு யாரும் இப்படி வந்து நின்றதில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. படங்களை மட்டும் புரட்டிவிட்டு, எங்கே சிரிப்பு என்று கேட்டால் மழுப்புகிற பிள்ளை. ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படி என்றால் தண்ணீர் குடிக்கப் போகிற பிள்ளை. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை யூகித்துச் சொல்கிற பிள்ளை. அவனைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணில் குறை இல்லை என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லி, சிறப்புக் கல்வியாளரிடம் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். டிஸ்லெக்ஸியாவாக இருந்தால் மாநிலப் பாடத்திட்டமானாலும் சி.பி.எஸ்.இ. ஆனாலும் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு, உரிய சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு அந்தச் சான்றிதழுக்காக அலைகிற பெற்றோரை வருடாவருடம் பார்க்கிறேன். நாலாம் வகுப்பிலேயே வந்து கேளுங்கள்.

அதுவரை அவன் கையில் எந்தப் புத்தகம் இருக்கிறதோ அது இருக்கட்டும். கிழித்துவிட்டானா, பரவாயில்லை, கொண்டுவரச் சொல்லுங்கள். செல்லோடேப் என்னிடம் இருக்கிறது.