20-ஐத் தாண்டினால் ஏன் 22?

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு பார்க்கும் வாசகர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். பச்சை இலை எடை போடும் இடத்தில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர். கருப்புத் திரையில் ஒரு வரி: ‘பக்: சாஃப்ட் லாக்கப் - சிபியு#1 ஸ்டக் ஃபார் 22எஸ்!’ அதாவது, பிராசஸரின் ஒரு பகுதி 22 நொடியாகச் சிக்கிக்கிடக்கிறது. வெளியே இலை மூட்டையோடு ஆட்கள் நிற்க, எடை மெஷினின் கணக்கு உள்ளே ஏறவே இல்லையாம். ரீஸ்டார்ட் செய்து சமாளித்திருக்கிறார்கள். கடைசியில் அவர் கேட்டிருந்தது இது: “20 நொடி தாண்டினால் எச்சரிக்கும் என்று படித்தேன். மூன்று தடவை வந்தது, மூன்று தடவையும் 22. ஏன் 21 வரவில்லை?”

இதைக் கவனித்தவருக்கு முதலில் ஒரு சபாஷ்.

பிராசஸரில் தனித்தனியாக வேலை செய்யும் பல கோர்கள் உண்டு. திரையில் ‘சிபியு#1’ என்று வந்தது அதில் ஒன்று. ஒவ்வொரு கோரையும் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று பார்ப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். கெர்னலுக்குள்ளேயே ஒரு நிரல்துண்டு, யாருக்கும் இடம் விடாமல் ஒரே வட்டத்தில் சுற்ற ஆரம்பித்தால் அந்தக் கோர் சிக்கிக்கொண்டது. இதுதான் சாஃப்ட் லாக்கப். சிக்கிக்கொண்டவனே ‘சிக்கிக்கொண்டேன்’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

எஸ்டேட்டில் இரவு வாட்ச்மேன் மணிக்கு ஒரு தடவை தண்டவாளத் துண்டில் தட்டுவார். சத்தம் கேட்டால் ஆள் விழித்திருக்கிறார். கெர்னலும் ஒவ்வொரு கோரிலும் அப்படி ஒரு குட்டி வேலையை வைத்திருக்கிறது. ‘இப்போது மணி இத்தனை’ என்று குறித்துவைப்பது மட்டுமே அதன் வேலை. 4 நொடிக்கு ஒரு முறை ஒரு டைமர் குறுக்கிட்டு, குறிப்பு எவ்வளவு பழசு என்று பார்த்துவிட்டு, ‘மறுபடி குறி’ என்று அந்த வேலையை எழுப்பும். கோர் சிக்கியிருந்தால் குறிப்பவனுக்கு முறை வராது, குறிப்பு பழசாகிக்கொண்டே போகும். டைமர் அப்படியில்லை. அது இன்டரப்ட், ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு நடுவில் நுழையும். குறிப்பு 20 நொடியைத் தாண்டிவிட்டதா? திரையில் எழுது.

சரி, கணக்குக்கு வருவோம். கடைசிக் குறிப்புக்குப் பிறகு டைமர் பார்ப்பது 4, 8, 12, 16, 20, 24-வது நொடிகளில். 20-ல் இன்னும் தாண்டவில்லை. அடுத்து 24-ல்தான் மாட்டும். அப்படியானால் 24 என்றுதானே வரவேண்டும்?

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கெர்னலின் கடிகாரம் நானோநொடியில் ஓடுகிறது. ஒரு நொடிக்கு 100 கோடி நானோநொடி. நொடியாக்க 100 கோடியால் வகுக்கவேண்டும். ஆனால் பிராசஸருக்கு வகுத்தல் நேரம் பிடிக்கும் வேலை. பைனரி எண்ணை 30 இடம் வலப்பக்கம் தள்ளுவதோ மிகச் சுலபம். அப்படித் தள்ளினால் 2-இன் 30-ஆம் அடுக்கால், அதாவது 1,07,37,41,824-ஆல் வகுத்ததாக ஆகும். கிட்டத்தட்ட 100 கோடிதானே என்று அதையே வைத்துக்கொண்டார்கள். மூலநிரலில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே ‘இது ஏறத்தாழ சமம்’ என்ற குறிப்பும் இருக்கிறது. ஆக, இந்தக் காவல்காரரின் ‘நொடி’ நம் நொடியைவிட 7 சதவீதத்துக்குச் சற்று மேல் நீளம். நம்முடைய 24 நொடி அவருக்கு 22.35. பின்னத்தை விட்டால் 22, தொடங்கிய இடத்தைப் பொறுத்து எப்போதாவது 23. நம்முடைய 20 நொடி அவருக்கு 18 அல்லது 19. நடுவில் 21 வர வழியே இல்லை.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. சிக்கிய நிரல் இன்டரப்டுகளையே அணைத்துவிட்டுச் சுற்றினால், அந்த 4 நொடி டைமரும் உள்ளே வரமுடியாது. இது ஹார்ட் லாக்கப். இங்கே கைகொடுப்பது சாதாரணமாக அணைக்க முடியாத ஒரு தனி ரக இன்டரப்ட். பிராசஸரின் துடிப்புகளை எண்ணும் வன்பொருள் எண்ணி, சுமார் 10 நொடிக்கு ஒரு தடவை அதை எழுப்பும். அது பார்ப்பது ஒன்றே ஒன்று: போன தடவைக்குப் பிறகு டைமர் அடித்ததா? 10 நொடியில் இரண்டு தடவையாவது அடித்திருக்கவேண்டும். எண்ணிக்கை ஏறவே இல்லை என்றால் மாட்டிக்கொண்டது. இந்த வசதி இல்லாத பிராசஸர்களுக்காக 2023-ல் கெர்னல் 6.5-ல் வேறொரு வழி வந்தது. ஒவ்வொரு கோரும் பக்கத்துக் கோரின் எண்ணிக்கையை எட்டிப் பார்க்கும். எல்லாக் கோர்களும் ஒன்றாக விழுந்தால் மட்டும் பார்க்க ஆளில்லை.

மூன்றாவது தடவைக்குப் பிறகு மானிட்டரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டிவிட்டார்களாம். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பதில் திரையிலேயே இருந்தது. படிக்கத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. 1970-லேயே ஊட்டி பக்கம் முத்தோரையில் மலைச்சரிவின் சாய்வையே கணக்கில் சேர்த்து 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை நிறுத்திய மலை இது. இங்குள்ள கல்லூரிகளில் கெர்னலைப் பிரித்துப் படிக்க ஒரு லேபுக்கு நிதி ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. மூலநிரல் இலவசம், உட்கார்ந்து சொல்லித்தர ஆளுக்குத்தான் செலவு.

வாசகரிடம், அந்த வரிக்குக் கீழே ‘ஆர்ஐபி’ என்று தொடங்கும் வரியும் தெரிகிற மாதிரி முழுப் போட்டோ கேட்டேன். எந்த நிரல்துண்டு சுற்றிக்கொண்டிருந்தது என்று அதில்தான் இருக்கும். அனுப்பினார். எடை மெஷின் கேபிளை கம்ப்யூட்டரோடு இணைக்கும் கன்வர்ட்டரை இயக்கும் நிரல், அதாவது அதன் டிரைவர். வேறு கன்வர்ட்டரைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மறுபடி வராமல் இருக்கட்டும். ஒருவேளை வந்து, அதில் 23 என்று இருந்தால், அந்தப் போட்டோவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.